கூட்டத்தில் மகளின் நடை

திரையில் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தன் மகள். எவள் என்றுதான் அம்மாவுக்குத் தெரியவில்லை.

கண்காட்சிக்கு அன்றுதான் கடைசி நாள். வாசலை ஒட்டிய கூடத்தில் சுவர் முழுக்க ஒரே திரை. அதற்கு 'நாளைய நகரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓவியர்களும் விஞ்ஞானிகளும் கணினிக்காரர்களும் சேர்ந்து செய்தது.

வீடுகளுக்கு மேல் தோட்டம், தோட்டத்துக்கு மேல் ரயில். அடியில் ஓயாமல் நடக்கும் ஜனங்கள். ஒருவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. எதிர்காலத்தில் வெயிலுக்கும் விடுமுறை விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

முகம், உடம்பு, உடுப்பு எல்லாம் வரைந்தவை. நடை மட்டும் நிஜம்.

அதுதான் மகளின் வேலை. உடம்பை ஒட்டிய கறுப்பு உடுப்பில் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டு கேமராக்களுக்கு நடுவே நடப்பாள். கணினி அந்த அசைவை மட்டும் எடுத்து, வரைந்த உருவத்துக்குக் கொடுத்துவிடும். "எம் பொண்ணு நடக்கறதுக்குச் சம்பளம் வாங்கறா" என்று அக்கம்பக்கத்தில் அம்மா கேலி செய்வதுண்டு. உள்ளுக்குள் பெருமைதான்.

"கடைசியா ஒண்ணு நடந்திருக்கேம்மா. எதுன்னு சொல்ல மாட்டேன். நீயே வந்து கண்டுபிடி."

அப்படிச் சொன்னவள், சாதாரணக் காய்ச்சல் என்று போய்ப் படுத்தாள். திறப்பு விழாவுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்றான பிறகுதான் டாக்ஸி பிடித்து வந்தார். கூடம் திறந்ததும் முதல் ஆளாக பெஞ்சில் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை.

பின்னாலிருந்து பார்த்தாலே சொல்லிவிடலாம் என்றுதான் நம்பியிருந்தார். பெற்றவளுக்குத் தெரியாதா? மகளுக்குக் கால் தரையில் பாவாது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவாள். அம்மாவோடு கடைக்கு வரும்போது மட்டும்தான் கொஞ்சம் அடக்கி வாசிப்பாள்.

ஆனால் திரையில் எல்லோரும் ஒரே சீராக, வழுக்கிக்கொண்டு போனார்கள். அத்தனை பேரையும் பார்த்தாகிவிட்டது. மகளைக் காணோம்.

மத்தியானம், மதிய வேலைக்கு வந்த கணினிக்காரர் மூலை மேசையில் இருந்த கணினியைத் திறந்தார். அம்மா கையசைத்துக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது.

"அவங்க அம்மாவா? கடைசியா நடந்தது இதோ இருக்கும்மா. அந்த மஞ்சச் சட்டை."

மஞ்சள் சட்டைக்காரி கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள், போனாள். அம்மா அவளை மூன்று தடவை வரவிட்டுப் பார்த்தார்.

"இது அவ இல்ல, தம்பி."

கணினிக்காரர் தலையைச் சொறிந்தார். நடந்ததை யாரும் அப்படியே போடுவதில்லையாம். 'சீராக்கி' என்று ஒரு புரோகிராம் இருக்கிறதாம். தடுமாற்றம், தவறு என்று எது தென்பட்டாலும் யாரையும் கேட்காமல் அதுவே சரிசெய்துவிடுமாம்.

"சரி பண்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துதோ, அதைக் காட்டுங்க."

கணினிக்காரர் ஒரு மடிக்கணினியைத் தூக்கிவந்து பெஞ்சில் வைத்தார். இருட்டில் வெறும் வெள்ளைப் புள்ளிகள். ஆள் உருவத்தில் திரண்டு, நடக்கத் தொடங்கின.

வலது பாதம் மேலே எழவில்லை. தேய்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, உடம்பை உந்தி மேலே இழுத்தது. வலது கை தொடையை அழுத்திப் பிடித்திருந்தது. இடது கை மடங்கி, பக்கவாட்டில் நீண்டு, அந்தரத்தில் நின்றது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அழக்கூடாது என்று வீட்டிலிருந்தே தீர்மானித்து வந்தது ஒரு நொடியில் போயிற்று.

கணினிக்காரர் பதறிவிட்டார். "அன்னிக்குக் கால்ல ஏதோ அடி போலருக்கும்மா. அதைத்தான் சரி பண்ணியிருக்கு."

அம்மா இல்லை என்று தலையாட்டினார்.

கணினிக்காரருக்கு என்ன தோன்றியதோ, மேசைக்குப் போய் எதையோ மாற்றினார். சுவரில் மஞ்சள் சட்டைக்காரி காலை இழுத்துக்கொண்டு நுழைந்தாள். வழுக்கிக்கொண்டு போகிற அத்தனை பேருக்கும் நடுவில், அந்த நகரத்திலேயே அவள் ஒருத்திதான் சிரமப்பட்டு நடந்தாள்.

"எல்லாம் சரிதாம்மா, அந்த இடது கை ஏன் அப்படி இருக்கு? காத்தைப் பிடிச்சிருக்கற மாதிரி?"

மஞ்சள் சட்டைக்காரி திரையின் மறு ஓரத்தைத் தாண்டும்வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார்.

வலது கை தானாகத் தொடைக்குப் போனது. சின்ன வயதிலேயே சூம்பிப்போன கால், தரையைத் தேய்த்தது.

கணினிக்காரர் சுவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

மகள் தன்னை அந்த நகரத்துக்குள் அனுப்பவே இல்லை. அம்மாவைத்தான் அனுப்பியிருந்தாள்.

வாசலில் ஒரே ஒரு படி. இத்தனை வருடப் பழக்கத்தில், அம்மாவின் இடது கை மடங்கி, மகளின் முழங்கை இருக்கும் பக்கமாக நீண்டது.

நீண்ட கையை இறக்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.