நித்திலாவின் செய்தியோடை

இப்போதெல்லாம் ஒருவரைப் பற்றிய சேதி, அவருடைய செய்தியோடைக்குச் சந்தா போட்டவர்களுக்கு மட்டும்தான்.

“நான் அவளப் பெத்த அப்பன், தாயி! நித்திலா எப்படி இருக்கான்னு மட்டும் சொல்லு,” என்று வேலாயுதம் கெஞ்சினார்.

“நீங்க அவங்க சந்தாவுல இல்லீங்களே ஐயா,” என்றாள் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்.

மகள் சாதி மாறிக் கட்டிக்கொண்ட அன்று, சொந்தபந்தம் பார்க்கத் தலைமுழுகிவிட்டு, ஈரத் துண்டோடு அந்தச் சந்தாவை ரத்து செய்தவர் அவர்தான். மருமகன் முகம்கூட அவருக்குத் தெரியாது.

மறுபடி சேர மகள் சம்மதிக்க வேண்டும். போனில் விண்ணப்பத்தை அழுத்தினார். நர்ஸின் மேசையில், வளையல்களோடு பையில் கிடந்த நித்திலாவின் போன் ‘டிங்’ என்றது. மறுபடி அழுத்தினார். டிங்.

“எடு கண்ணு… ஒரே ஒரு தடவை…”

அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் போனில் பதில் வந்தது:

‘இந்தச் செய்தியோடை முடிவுற்றது.’