முழங்கால் பனியும் காது பனியும்

மலையுச்சியிலும் பள்ளத்தாக்கிலும் ஒரு நாள் முழுக்கப் பனி கொட்டியது. எங்கே அதிகம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட காகம், முதலில் பள்ளத்தாக்கு முயலை விசாரித்தது.

"என் காதுவரை!" என்றது முயல்.

உச்சியிலிருந்த சடைஎருமை, "என் முழங்கால்வரை," என்றது.

காகம் திரும்பி வந்து சொன்னதும் முயல் விழுந்து விழுந்து சிரித்தது. "வெறும் முழங்காலா? அதையும் பனி என்று சொல்லிக்கொள்கிறதா?"

"யாருடைய முழங்கால் என்று யோசித்தாயா?"

"முழங்கால் முழங்கால்தான். வா, நேரில் காட்டுகிறேன்."

மிதிபட்ட பாதையிலேயே மலையேறிய முயல், எருமையை ஏளனமாகப் பார்த்துவிட்டுப் பாதையோரம் குதித்தது. குதித்த இடத்தில் ஒரு துளைதான் தெரிந்தது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

எருமை பதறிப்போய்க் கொம்பால் பனியைக் கிளறியது. முயலைக் கண்டுபிடித்து வெளியே இழுத்துப் போட்டு, தன் மூச்சுக்காற்றால் சூடேற்றியது.

வெகுநேரம் கழித்து முயல் கண் திறந்தது. மீசையெல்லாம் உறைந்திருந்தது. காகத்தைப் பக்கத்தில் அழைத்துக் கிசுகிசுத்தது:

"இந்த எருமை இங்கே குழி தோண்டி வைத்திருக்கிறது. இதையெல்லாம் பனி என்று சேர்த்துக்கொள்ளாதே."