ஆட்டுத் தலையும் குடல்வாலும்

வேகவைத்த ஆட்டுத் தலை முழுசாக என் முன்னால் வந்து உட்கார்ந்தது. கசகஸ்தான் விருந்தில் அது முக்கிய விருந்தாளிக்கு. நான் அறுத்துக் கொடுத்தால்தான் பந்தியே நகரும். ஆனால், கத்தி பிடித்தே பழகிய என் கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் தொப்புளில் தொடங்கிய வலி, வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது.

"என்னண்ணே, இப்படி வேர்க்குது?" என்றான் விருந்து வைத்த எர்மெக்.

"நேத்து தின்ன குதிரைக்கறிடா. ஒத்துக்கல."

"இல்லண்ணே, இது குடல்வால். போன மாசம் எனக்கும் இப்படித்தான்..."

"நீ என்ன டாக்டரா? சூடா டீ ஊத்து, சரியாயிடும்."

விட்டுக்கொடுக்கிற ஆளா நான்? டீயும் விட்டுக்கொடுக்கவில்லை, போன வேகத்தில் வாந்தியாகத் திரும்பியது. எர்மெக் என்னைக் காரில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

ஸ்ட்ரெச்சரில் என்னைப் பார்த்ததும் நர்ஸ் பதறி, எர்மெக்கைக் காட்டினாள். "டாக்டர், நீங்களா! இவருக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தினதுக்குத்தானே விருந்துன்னு போனீங்க?"

எர்மெக் தலையைச் சொறிந்தான்.

"அன்னிக்கு நானும் குதிரைக்கறிதான் ஒத்துக்கலன்னு சொன்னேன், சிஸ்டர். 'நீ என்ன டாக்டரா?'ன்னு இவர்தான் திட்டினார்."