உனக்கு ஒரு பக்கம்

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் அவர்களுக்கு ஒற்றை அறை. ரெனீஷ் யூடியூப் பார்த்துப் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தான். ஒன்றில் தனக்கு விண்டோஸ், இன்னொன்றில் மனைவி சுபிஷாவுக்கு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம்.

"இது உனக்குள்ள பக்கம். அம்மைகிட்ட பேசு, படம் பாரு. நான் எட்டிப் பாக்கமாட்டேன்."

அவள் நம்பினாள். மறு வாரமே மறுபடியும் கன்னத்தில் அறை விழுந்தது.

"நான் அடிக்கேன்னு அம்மைகிட்ட எதுக்குட்டி சொன்ன?"

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. அதன்பிறகு அவள் யாரிடம் பேசினாலும், மறுநாள் அவன் டியூட்டி முடிந்து வந்ததும் அடிதான். முதலில் பெல்ட், பிறகு குக்கர் மூடி. ஒருநாள் கையை முறுக்கி எலும்பையே உடைத்தான். அலறல் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா சார்," என்று ஸ்டேஷனில் ரெனீஷ் அமைதியாகச் சொன்னான்.

சுபிஷா கட்டுப் போட்ட கையோடு, தான் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்து அதிகாரியின் பக்கம் திருப்பினாள். திரையில் பெல்ட் சுழன்றது. குக்கர் மூடி அவள் தலையில் இறங்கியது.

"கேமராவை ஒளித்துவைத்துப் படம்பிடித்தது நீயா?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"இல்ல சார், இவருதான். நான் லினக்ஸைத் திறந்தா கேமரா தானா ஓடி, வீடியோ இவருக்க விண்டோஸ் பக்கத்துல போய்ச் சேரும். என்னை வேவு பாக்க இவரே செஞ்சு வச்சது. லினக்ஸ்ல இருந்தே அந்த விண்டோஸ் பக்கத்தை நானும் திறந்து பாப்பேன்னு இவரு நினைக்கல. அப்படித் திறந்து வீடியோவைக் கண்ட பிறகு, இவரு வர்ற நேரத்துல நான் லேப்டாப்பை மூடுறதே இல்ல."