சிப் மாறிய வீடு

தொண்டையில் ஆபரேஷன் ஆனால் பேச்சு போய்விடும் என்பதால், அதற்கு முன்பே லூர்துசாமியின் குரலைப் பதிந்து ஒரு சாஃப்ட்வேரில் போட்டிருந்தார்கள். அவர் டைப் அடித்தால் கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே பேசும். அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி பாதிப் பேச்சில் நின்றுபோவதைச் சகிக்காமல், மனைவி சகாயமேரி பழசை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினாள். சாஃப்ட்வேரை மறக்காமல் பென்டிரைவில் ஏற்றியிருந்தாள். புதியதில் அது திறக்கவே இல்லை.

“பழசுல ஒரு கம்பெனி சிப், இதுல வேற கம்பெனி சிப். ரெண்டு கம்பெனிக்கும் போட்டிம்மா. அந்தச் சிப்புக்கு எழுதினது இதுல ஓடாது,” என்றான் கடைக்காரன். “எழுதினவங்களும் கடையை மூடிட்டாங்க.”

“அப்போ பழசையே குடுத்துடுங்க.”

“அதை அன்னைக்கே உடைச்சாச்சும்மா.”

வீட்டில் லூர்துசாமி புது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேகவேகமாக டைப் அடித்தார். கீபோர்டு சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து சகாயமேரி, பழக்கத்தில், “ம், சொல்லுங்க,” என்றாள்.

கீபோர்டு சத்தம் நின்றது.