அதுல கை வைக்காதே

"இனிமே அந்த வெப்சைட்டுல நீ கை வைக்காதே, கேட்டியா? இருக்கது அப்பிடியே இருக்கட்டு" என்றார் தங்கையன்.

ஷிபாவுக்குச் சுருக்கென்றது. குலசேகரத்தில் தேன் கடை வைத்திருக்கும் தங்கையன்தான் அவளுடைய முதல் வாடிக்கையாளர். கிறிஸ்மஸ் வருகிறதே, முகப்பில் ஒரு நட்சத்திரம் தொங்கவிடலாமா என்று ஆசை ஆசையாகக் கேட்டதற்கு இந்தப் பதில்.

"ஒரே ஒரு நட்சத்திரம் அண்ணா. இப்பவே போட்டிருவேன்."

"வேண்டாம்னா வேண்டாம். ஆர்டரு வந்து குவியுது. குப்பி நிறைக்க ஆளு பத்தல்ல. நீ போயி நோண்டி, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிரப்பிடாது."

சரியான பிடிவாதக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள். ஆனாலும் அந்த 'குவியுது' காதில் விழுந்ததும் கால் தரையில் பாவவில்லை.

பாவுமா பின்னே? திருவனந்தபுரத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் தனியாக வெப்சைட் செய்யும் தொழில் தொடங்கியவள் அவள். "இன்டர்நெட்ட நம்பி எவளாவது மாசச் சம்பளத்த விடுவாளா?" என்று அம்மா குளோரி தினமும் கேட்டாள். கிறிஸ்மஸுக்குள் இரண்டாவதாக ஒரு வேலை பிடிக்காவிட்டால் கம்பெனிக்கே திரும்பிவிட வேண்டும் என்பது வீட்டில் பேச்சு. தேன் கடைக்குப் போனபோதெல்லாம் தங்கையனிடம் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறாள்.

இப்போது அந்த இரண்டாவது வேலை தக்கலையில் காத்திருந்தது. கல்யாண மண்டபம் நடத்தும் ஜெபசீலன் வரச் சொல்லியிருந்தார். அவர் காதில் போட்டு வைத்ததும் தங்கையன்தான்.

மண்டபத்து ஆபீசில் லேப்டாப்பைத் திறந்து, டேட்டா கார்டைச் செருகி, தேன் கடைப் பக்கத்தைக் காட்டினாள். ஜெபசீலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"படமெல்லாம் கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா இதப் பாத்து ஒரு மனுஷன் போன் பண்ணுவானா?"

"நிறையப் பேரு பண்ணுகாங்க சார்! தங்கையன் அண்ணனே சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. நானே பண்ணிப் பாக்கேன்."

திரையைப் பார்த்து நம்பரை வாய்விட்டுப் படித்துக்கொண்டே செல்போனில் அழுத்தினார். கடைசியில், "ஆறு… ஏழு" என்றார்.

ஷிபா எட்டித் திரையைப் பார்த்தாள். தங்கையன் நம்பர் அவளுக்கு மனப்பாடம். கடைசியில் வர வேண்டியது ஏழு, ஆறு!

எத்தனை தடவை பார்த்திருப்பாள் இந்தப் பக்கத்தை! நிறம் சரியா, எழுத்து அழகா, தேன் சொட்டுகிற படம் அசைகிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள், நம்பரை மட்டும் பார்க்கவில்லை. கடைக்கு முக்கியமானதே அதுதான்.

"சார், ஒரு நிமிஷம்…"

"சும்மா இரு பிள்ளே, ரிங் போவுது." ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தார்.

போச்சு, எல்லாம் போச்சு. அடுத்த வாரம் கம்பெனி பஸ்தான்.

"ஹலோ, தங்கையன் தேன் கடை. சொல்லுங்கோ!"

ஒரு பெண் குரல். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்.

"தேன் இருக்கா?" என்றார் ஜெபசீலன்.

"ரப்பர் தோட்டத்துத் தேனா, மலைத் தேனா சார்? எந்த ஊருக்கு அனுப்பணும்?"

சும்மா சோதித்துப் பார்க்கப் போன் போட்டவர், மலைத் தேனுக்கு விலாசம் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

"கொள்ளாம் பிள்ளே! என்னையே வாங்க வச்சிட்டியே. மண்டபத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு செய்து தா. திங்கக்கிழமையே தொடங்கு."

நன்றி சொன்னாளா இல்லையா என்றே தெரியாமல் ஷிபா வாசலுக்கு ஓடி வந்தாள். சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். அந்தத் தப்பு நம்பருக்கே போன் போட்டாள்.

"அக்கா, நான் ஷிபா. அந்த வெப்சைட்ட செய்தது நான்தான். நீங்க யாரு?"

தையல் மெஷின் நின்றது.

"ஓ, நீதானா அது! நான் செல்லபாய். புதுக்கடையில தையல் கடை வச்சிருக்கேன். தேன் இருக்கா, தேன் இருக்கான்னு ஒரே போனு. துணி வெட்ட விடல்ல. பொறுக்க முடியாம, நாலு வார்த்த நல்லா ஏசணும்னுதான் குலசேகரத்துக்கு பஸ் ஏறினேன். அந்த அண்ணன் ஒரு குப்பி தேனக் கையில தந்து, 'போன நீயே எடுத்து எனக்குச் சொல்லு, உனக்க வீட்டுக்குத் தேனு எனக்க பொறுப்பு'ன்னுட்டாரு."

ஷிபாவின் கண் நிறைந்துவிட்டது. "என்கிட்ட சொல்லியிருந்தா அப்பமே மாத்தியிருப்பேனே அக்கா!"

"நானும் அதத்தான் கேட்டேன். 'முதல் வேலையிலயே தப்புன்னு தெரிஞ்சா பிள்ள மனசு விட்டு, பழைய கம்பெனிக்கே போயிரும். ரெண்டாவது வேல பிடிக்கது வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதே'ன்னாரு."

செல்லபாய் ஆவல் தாங்காமல் கேட்டாள்:

"பிடிச்சாச்சா மக்கா?"