மாமியார் ஏறாத விமானம்

"விமானம் ஓட்டற லைசென்ஸ் வாங்கி என்ன பிரயோஜனம்? பொண்ணைக் கொடுத்தவளை ஏத்த மாட்டாராமே!"

மாமியாரின் குரல் வாசல்வரை கேட்டது. மாப்பிள்ளை ஒரு செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றார்.

அவர் தொழில் பல் டாக்டர். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் பறிகொடுத்து, பரீட்சை எழுதி, கண், காது, இதயம் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டி, சொந்த உபயோகத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கியிருந்தார். பயிற்சி மைதானத்தில் நாலு ஸீட் விமானம் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும்.

லைசென்ஸ் வந்த அன்றே மாமியார் தெருவுக்கே அறிவித்துவிட்டார்.

"இனிமே என் தங்கச்சி வீட்டுக்கு பஸ்ஸுல போறதா இல்லை. மாப்பிள்ளை பறந்தே கொண்டுபோய் விட்டுடுவார்."

தங்கச்சியும் சும்மா இருக்கவில்லை. அந்த ஊரில் அக்காவை வரவேற்க எட்டுப் பேர் தயார்.

"இந்த வாரம் முடியாது அத்தை," என்றார் மாப்பிள்ளை. "ஆளை ஏத்தணும்னா, கடைசி தொண்ணூறு நாள்ல மூணு தடவையாவது நான் மேலே போய் இறங்கியிருக்கணும். ரெண்டு தடவைதான் ஆயிருக்கு."

"அந்த மூணாவது தடவைக்கு எங்களையும் கூட்டிட்டுப் போயிடுங்களேன்," என்றார் மாமனார்.

"கூடாது மாமா."

மச்சான் குறுக்கே வந்தான். "டிக்கெட் காசு வேணும்னா நேரா கேளுங்க அத்தான். தர்றேன்."

"ஐயோ, கூலிக்கு ஏத்தினா லைசென்ஸே போயிடும். செலவைப் பங்கு போட்டுக்கலாம், அவ்வளவுதான். அதுலயும் என் பங்கை நான் போட்டாகணும்."

"காசு கொடுத்தா டாக்ஸிகூட வருது," என்றார் மாமியார். "இவர் கொடுத்தாலும் வர மாட்டார்!"

அடுத்த வாரம் மூன்றாவது தடவையும் இறங்கியாயிற்று. மாப்பிள்ளை ஒரு எடை மெஷினோடு வந்தார்.

"எல்லாரும் இதுல ஏறி நில்லுங்க. விமானத்துக்குத் தாங்கற எடைன்னு ஒண்ணு இருக்கு."

மச்சான் ஏறினான். முள் பயந்துபோய் நூற்றைத் தாண்டியது. மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார், எடை குறையும் என்று.

மாமியார் ஏறவே இல்லை.

"வயசைக் கேட்டாக்கூடச் சொல்லுவேன். எடையைக் கேக்கறாரே மனுஷன்! என்னைப் பார்த்தா மூட்டை மாதிரியா இருக்கு?"

அந்த வாரமும் போயிற்று.

அதற்கடுத்த ஞாயிறு மேகம்.

"மேகத்துக்குள்ள போக எனக்கு அனுமதி இல்லை அத்தை. வெளியே கண்ணுக்குத் தெரிஞ்சாதான் பறக்கலாம்."

மாமியார் ஜன்னலைத் திறந்து காட்டினார். "எங்கே மேகம்? அதோ, கைக்குட்டை மாதிரி ஒண்ணு கிடக்கு. அதைச் சுத்திக்கிட்டுப் போக வேண்டியதுதானே? ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வைக்கிறார், தன் வாயைத் திறந்து ஒரு சரி சொல்ல மாட்டேங்கறாரே!"

அன்று மனைவி அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் கண் கலங்கிக் கேட்டாள்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா? எங்க அம்மா ஆயுசுல ஒரே ஒரு ஆசை கேட்டாங்க. அதுக்கு இத்தனை சாக்கா?"

மாப்பிள்ளை லைசென்ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நாலாவது ஞாயிறு, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாமியாருக்கு உத்தேசமாக ஒரு எடையைப் போட்டு, மச்சானைத் தரையிலேயே விட்டுவிட்டால் கணக்கும் சரி. மாமியார் கறுப்புக் கண்ணாடி, புதுச் செருப்பு சகிதம் மைதானத்தில் இறங்கினார். மச்சான் போட்டோ எடுத்தான். தங்கச்சி போனில் இருந்தாள்.

மாமியார் இறக்கையின் கீழே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தார்.

"ஹச்!"

மாப்பிள்ளை தும்மினார். இன்னொரு தடவையும் தும்மினார்.

"ரத்து," என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "உடம்பு சரியில்லைன்னா ஓட்டக் கூடாது. ஓட்டறவன் தானே யோசிச்சு முடிவு பண்ணணும்னு ரூல்."

"தும்மலுக்கா?" என்று அலறினாள் மனைவி.

"சளி பிடிச்சிருந்தா மேலே காது அடைச்சுக்கும்."

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு என் காது எப்பவோ அடைச்சிருக்கணும்!" அவள் விறுவிறுவென்று காருக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். மச்சான் லைசென்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், ஒருவேளை போலியோ என்று. பிறகு அவனும் மாமனாரும் தலையில் அடித்துக்கொண்டே அவள் பின்னால் போனார்கள்.

மாமியார் மட்டும் நகரவில்லை. கம்பியைப் பிடித்த கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சரியான நேரத்துல தும்மினீங்க மாப்பிள்ளை. உயிரே போயிடுச்சு எனக்கு."

"அதான் உங்க முகத்தைப் பார்த்தேனே அத்தை."

"மொட்டை மாடியில நின்னாலே எனக்குக் கால் உதறும். அது தெரிஞ்சும் தெருவெல்லாம் பெருமை அடிச்சுத் தொலைச்சேன். அன்னைக்கே உங்களுக்கு போன் பண்ணி, 'எப்படியாவது தடுத்துடுங்க, எனக்குப் பயம்னு மட்டும் வெளியே தெரிய வேண்டாம்'னு சொன்னதுக்காக, கட்டினவகிட்டக்கூடச் சொல்லாம இத்தனை பேச்சு வாங்கறீங்களே! நானும் யாரும் சந்தேகப்படக் கூடாதேன்னு கொஞ்சம் கூடுதலாத்தான் திட்டிட்டேன்."

"பரவாயில்லை அத்தை."

மாமியார் காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் நெருங்கி வந்தார்.

"ஆனா அடுத்த ஞாயிறும் வருமே... இன்னும் ரூல் ஏதாவது மிச்சம் இருக்கா மாப்பிள்ளை?"

"உங்க ஆயுசுக்கும் தாராளமாப் போதும் அத்தை."